சிறுவாட்டுக் காணிக்கை

புதுச்சேரியினின்று வடக்கு நோக்கிக் கடலோரச் சாலையிற் செல்வோர் காலாப்பட்டைக் கடந்தபின் கனகசெட்டிக்குளம் என்னும் ஊரைக் காண்பர். கடலிற் சென்று வலை வீசுதல் ஆடவர் தொழில். கரைக்கு வந்த மீனைக் கூடையிலேற்றிச் சென்று விலை பேசிக் காசாக்குதல், இக்கடற்கரை நெடுகிலும் உள்ள வழக்கப்படி, பெண்டிர் தொழில். விற்ற காசு முந்தானையில் முடியப்பட்டு வீடு வந்து சேரும். அரிசிக்கும், எண்ணெய்க்கும், வட்டிக்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் போக ஏதேனும் எஞ்சுமாயின் அஃது அம்முடிச்சிலேயே தங்கிவிடும். கணவர் அதனைக் கேட்பதில்லை, கேட்டாலும் கிடைப்பதில்லை.

இதற்குத் தமிழில் சிறுவாடு என்று பெயர். மீன் விற்கும் குடும்பங்களுக்கு மாத்திரமன்று, உழவர் வீட்டுக்கும், உத்தியோகஸ்தர் வீட்டுக்கும் பொதுவானதொரு சொல் இது. நிலம் கணவர் பேரில், வீடு மாமனார் பேரில், நகைகூடப் பலமுறை அடகுக் கடையின் பேரில். பெண்ணுக்கென்று எஞ்சியது அஞ்சறைப் பெட்டியின் அடியிலும், மிளகாய்ப் பானையின் ஓரத்திலும் கிடக்கும் இச்சில்லறையே. லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த மாதர்கள் இத்தகைய சில்லறையைக் கொண்டு எவ்வாறு மிஷன் ஊழியத்தைத் தாங்கினர் என்பதையும், அக்காசு அவர்களுக்கு எதைப் பெற்றுத் தந்தது, எதைப் பெற்றுத் தரவில்லை என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால் அங்கே வேரூன்றியது ரோமன் கத்தோலிக்க சபையே. லுத்தரன் ஊழியம் அதற்குத் தெற்கே, கடலூரிலும் தரங்கம்பாடியிலும் நடந்தது. இவ்விரு பக்கங்களும் ஒன்றையொன்று அறியாதிருந்தன என்று எண்ணலாகாது. 1740 முதல் கடலூரில் ஊழியஞ்செய்த கிர்நாந்தர் என்னும் சுவீடன் நாட்டு மிஷனெரி, 1758-இல் பிரெஞ்சுச் சேனாதிபதியாகிய லாலி அவ்வூரைப் பிடித்துக்கொண்டபோது எல்லாவற்றையும் விட்டுத் தரங்கம்பாடிக்கும், பின்னர்க் கல்கத்தாவுக்கும் போகவேண்டியவரானார். ஆகவே நமது கதை தரங்கம்பாடியைச் சுற்றியே தொடங்க வேண்டும்.

தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கியது 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி. அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் அவருக்குப் பின்னே ஆளும், பணமும், அச்செழுத்தும் அனுப்பி அம்மிஷனை நிலைநிறுத்தியது ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்து ஸ்தாபனம். அந்த ஸ்தாபனத்தின் வரலாற்றை விசாரித்தால் அதன் அடியிலும் ஓர் உண்டிப்பெட்டியே இருக்கக் காண்கிறோம். ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே என்னும் போதகர், தம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஏழைகளுக்காக 1695-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமது இல்லத்தில் ஒரு பெட்டியை மாட்டி வைத்தார். அவ்வாண்டு ஈஸ்டர் பண்டிகைக் காலத்தில் யாரோ ஒருவர் அதில் 4 தாலரும் 16 குரோஷனும் இட்டுச் சென்றார். இதுவே போதிய மூலதனம் என்று அவர் துணிந்து, இரண்டு தாலருக்குப் புஸ்தகங்கள் வாங்கி, ஏழை மாணவன் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தி, எளிய பிள்ளைகளுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் பாடஞ் சொல்லுவித்தார். பிள்ளைகளுக்குக் கொடுத்த 27 புஸ்தகங்களில் நான்கே திரும்பி வந்தன என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். மூலதனத்தில் இவ்வளவு நஷ்டம் கண்ட வியாபாரி கடையைச் சாத்திவிடுவான். அவரோ மறுபடியும் வாங்கினார். அப்பள்ளியிலிருந்து அநாத சாலையும், அச்சுக்கூடமும், மருந்துச் சாலையும் வளர்ந்தன. 1713-இல் தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துக்கள் வந்தது அந்த ஹாலே நகரத்திலிருந்தே. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது அதன் பின்னரே.

1710 முதல் ஹாலேயில் தரங்கம்பாடிச் செய்திகளை அச்சிட்டு வெளியிட்டு வந்தனர். அவற்றை வாசித்தோர் பணம் அனுப்பினர். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அரசர் தரும் பணம் ஓர் உத்தரவோடு வரும். வாசித்து மனமிரங்கிக் கொடுப்போர் பணம் கேள்வியோடு வரும்: அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று? அந்தப் பள்ளி நடக்கிறதா? அடுத்த கடிதம் எப்பொழுது? கொடுப்போருக்கும் ஊழியத்துக்கும் இடையே ஒரு பேச்சு நடந்துகொண்டே இருந்தது. சிறு காணிக்கையின் பலம் அதன் தொகையில் அன்று, இந்தப் பேச்சில் இருந்தது என்பது எமது கருத்து.

சிறு காணிக்கையைப் பற்றிப் பேசுவோர் யாவரும் மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் ஏழை விதவையை நினைவூட்டாமல் விடுவதில்லை. அவள் இட்டது லெப்தோன் என்னும் செப்புக்காசு இரண்டு. அதனினும் சிறிய நாணயம் அந்நாட்டில் இல்லை. நமது வேதாகம மொழிபெயர்ப்பாளர் துட்டு, காசு என்னும் சொற்களை அவ்விடத்தில் அழகாகக் கையாண்டனர். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் வழங்கிய நாணயக் கணக்கிலும் ஒரு ரூபாய்க்கு 8 பணம், ஒரு பணத்துக்கு 3 துட்டு, ஒரு துட்டுக்கு 20 காசு. ஆதலால் அக்காலத்துப் புதுச்சேரி வாசகருக்கு இக்கதையின் சிறுமை விரல் நுனியில் தெரிந்திருக்கும். ஆனால் பிரசங்கிகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்று உண்டு. இக்கதைக்குச் சற்று முன்னேயுள்ள வசனங்களில் இயேசு, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைக் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், காணிக்கை இடுகிறவளின் அன்பு எவ்வளவு என்பது மாத்திரமன்று, பெட்டியைத் திறக்கிறவர் யார் என்பதும் அங்கே கேட்கப்படுகிறது.

நிற்க, நமது நாட்டில் பெண்டிர் காணிக்கை பெரும்பாலும் காசாக இருக்கவில்லை. அரிசியாக இருந்தது. உலையில் இட அளந்தெடுத்த அரிசியினின்று ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் இடுவது; வாரமோ மாதமோ ஒருமுறை அதனைக் கோயிலுக்குக் கொண்டுவருவது. இதுவே கைப்பிடி அரிசி. லுத்தரன் சபைகளில் மட்டுமின்றித் திருநெல்வேலிச் சபைகளிலும், வடக்கே அசரியா அத்தியட்சரின் தோர்ணக்கல் பகுதியிலும் இவ்வழக்கம் பரவியிருந்தது. மிசோரம் நாட்டில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றளவும் அச்சபையின் பெருந்தூண்களில் ஒன்றாக இருக்கிறது.

ஏன் அரிசி? பெண்ணுக்குச் சம்பளமில்லை, ஆனால் உலைக்கு எவ்வளவு அரிசி என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவளுடையது. அந்த ஒரே அதிகாரத்துக்குள்ளிருந்து அவள் கொடுத்தாள். அன்றியும், அப்பிடி அரிசி வீட்டாருடைய இலையினின்று குறைவதில்லை, பெரும்பாலும் அவளுடைய இலையினின்றே குறையும். கடைசியாக உண்பவள் அவளன்றோ.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பிடி 30 கிராம் என்று கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு பிடியானால் ஓராண்டில் ஏறக்குறைய 11 கிலோ. ஐம்பது வீடுகளுள்ள ஒரு சிற்றூர்ச் சபையில் 550 கிலோ சேரும். காசில் கணக்கிட்டாலும் அவ்வாறே. பழைய நாணயத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. நாளுக்கு ஒரு தம்பிடி சேர்ப்பவள் ஆண்டு முடிவில் 1 ரூபாய் 14 அணா 5 தம்பிடி வைத்திருப்பாள். நூறு பெண்கள் சேர்த்தால் 190 ரூபாய் 1 அணா 8 தம்பிடி. வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பிக்கும் வேதஸ்திரீ ஒருத்தியைத் தாங்குவது இவ்வழியால் கைக்கெட்டும் காரியமாயிற்று.

காகிதத்தில் இவ்வாறு எளிதாக முடியும் கணக்கு கோயில் முற்றத்தில் அவ்வளவு எளிதாக முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஐம்பது வீட்டு அரிசி ஐம்பது வகை. ஒன்று புழுங்கல், ஒன்று பச்சை. ஒன்று பழையது, ஒன்று புதியது. எல்லாம் ஒன்றாகக் கொட்டப்பட்டால் ஒரே உலையில் பாதி குழையும், பாதி வேகாது. ஆதலால் ஏலத்தில் அதற்கு நல்ல விலை கேட்பாரில்லை. அறிந்த பெண்கள் புழுங்கலுக்கும் பச்சைக்கும் தனித்தனிப் பானை வைத்தார்கள். வண்டு பிடியாதபடி வேப்பிலை போட்டு மூடினார்கள். நெல் விளையாத ஊர்களில் கேழ்வரகும், கம்பும், கோழிமுட்டையும், தேங்காயும் வந்தன. அறுப்பின் பண்டிகையன்று ஒரு முட்டை ஏலத்தில் பத்து மடங்கு விலைக்குப் போவதும், வாங்கினவரே அதைத் திரும்பவும் ஏலத்துக்கு விடுவதும் நம்மிற் பலர் கண்ட வேடிக்கை.

இக்கைப்பிடியின் அவசியம் 1914-இல் தெளிவாக விளங்கிற்று. அக்காலத்தில் தரங்கம்பாடி, மாயவரம், தஞ்சாவூர் முதலிய இடங்களிலிருந்த சபைகளை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் நடத்தி வந்தது. பெரும் போர் மூண்டதும் ஜெர்மானிய மிஷனெரிகள் காவலில் வைக்கப்பட்டுப் பின்பு தேசத்தை விட்டு அனுப்பப்பட்டனர். பணமும் நின்றது. சுவீடன் சபையார் இயன்றவரை தாங்கினர். 1919-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்னும் பெயரோடு இச்சபைகள் தம் காலில் நிற்கத் தொடங்கின. அந்நிய நாட்டிலிருந்து வரும் காசோலை ஒரு யுத்தத்தில் நின்றுபோகும். உள்ளூர் அடுப்படியிலிருந்து வரும் கலயம் நின்றுபோகாது என்பதைச் சபையார் அப்போது கண்டறிந்தனர். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவிய அசரியா முதலியோர் இந்தியரின் பணத்தைக் கொண்டே இந்தியர் ஊழியஞ்செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியதும் இவ்வெண்ணத்தாலேயே.

இனி, கொடுத்த காசு கொடுத்தவளுக்கு ஒரு குரலைப் பெற்றுத் தந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். இது பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் நடந்தது. அமெரிக்க லுத்தரன் மிஷனெரியாகிய ஹேயர் 1842-இல் அங்கே ஊழியத்தைத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்நாட்டுப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் போகாமல் பிரசவத்திலும் நோயிலும் மடிவதைக் கேள்விப்பட்டு, அன்னா சாரா குக்லர் என்னும் மாது அங்கே போக விரும்பினார். அவர் பென்சில்வேனியா மாதர் மருத்துவக் கல்லூரியில் 1879-இல் பட்டம் பெற்றவர். மிஷன் போர்டார் ஒரு பெண்ணை வைத்தியராக அனுப்ப இன்னும் காலம் வரவில்லை என்று தயங்கினர். அந்த 1879-ஆம் ஆண்டிலேயே ஓஹையோ மாகாணத்துக் கான்டன் நகரில் லுத்தரன் மாதர்கள் தமக்கென்று ஒரு மிஷனெரி சங்கம் அமைத்திருந்தனர். அச்சங்கத்தின் ஆதரவால் குக்லர் அம்மையார் 1883-இல் குண்டூர் வந்து சேர்ந்தார். ஆனால் வைத்தியராக அல்ல, பெண்களுக்கு வீடுகளில் பாடஞ்சொல்லும் உபாத்தியாயினியாக!

வந்தவர் மருந்துப் பெட்டியைப் பூட்டி வைக்கவில்லை. பாடம் கேட்க வந்த வீடுகளில் நோயாளிகள் இருந்தார்கள், பார்த்தார். ஒருவரைப் பார்த்ததும் பத்துப்பேர் வந்தார்கள். 1885-இல் வைத்திய ஊழியத்துக்கு அனுமதி கிடைத்தது. 1898-இல் பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. அவர் 1930-இல் குண்டூரிலேயே காலமானார். அம்மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்குப் பணந்தந்தோரிற் பெரும்பாலோர் தேவாலய மாதர் கூட்டங்களில் சென்ட் கணக்கில் சேர்த்தவர்கள். அவர்களும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தவர்களே. முட்டையும் வெண்ணெயும் விற்றவர்களே. அவர்கள் தங்கள் காசைப் பொது நிதியில் சேர்த்துவிட்டு வாளாவிருந்தால் பெண் வைத்தியருக்குக் காலம் எப்பொழுது வந்திருக்கும் என்பது ஐயமே. தனிச் சங்கம், தனிப் பெட்டி, தனிக் கணக்கு இருந்தமையால் பெண்களின் தேவை இன்னதென்று பெண்களே சொல்ல முடிந்தது.

தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய மற்றொரு லுத்தரன் பிரிவினர் மிசௌரி சினட் சபையார். நேத்தர், மோன் என்னும் இரு மிஷனெரிகளைக் கொண்டு 1890-களில் கிருஷ்ணகிரியில் தொடங்கிய அவர்கள் ஊழியம் ஆம்பூர், வாணியம்பாடி, நாகர்கோவில் முதலிய இடங்களுக்குப் பரவிற்று. ஆம்பூரில் பெத்தேஸ்தா மருத்துவமனை எழுந்தது. இச்சபையில் நாடளாவிய மாதர் சங்கம் எளிதில் உண்டாகிவிடவில்லை. பெண்கள் தனியே சங்கம் அமைத்தால் சபையின் ஒழுங்கு குலையும் என்று அஞ்சினோர் பலர். 1942-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிக்காகோ நகரிற் கூடிய மாதர்கள் லுத்தரன் மாதர் மிஷனெரி லீக் என்னும் சங்கத்தை நிறுவினர். இவர்களுடைய கருவி மைட் பெட்டி எனப்படும் சிறு அட்டைப்பெட்டி. மைட் என்பது விதவையின் காசுக்கு ஆங்கில வேதாகமம் இட்ட பழம்பெயர். அடுக்களை ஜன்னலிலோ மேசையிலோ அப்பெட்டி இருக்கும்; கையில் சில்லறை வந்தபோதெல்லாம் அதில் விழும். நிரம்பியதும் கூட்டத்துக்குக் கொண்டுவருவர். ஒரு பங்கு அந்தந்த மாவட்டத்துக்கும், ஒரு பங்கு நாடளாவிய நிதிக்கும் போகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டில், எந்த ஊழியத்துக்கு எவ்வளவு என்பதை மாதர் பிரதிநிதிகள் தாமே வாக்களித்து முடிவு செய்கின்றனர். பெட்டியைப் பற்றிப் புகழ்ந்து பேசுவோர் பலர். எமக்கு அந்த வாக்கே பெட்டியைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

சபைப் பிரிவுகளைக் கடந்த ஒரு முயற்சியும் நமது நாட்டுப் பெண் ஒருவரால் தொடங்கப்பட்டது. 1956-இல் சாந்தி சாலமன் என்னும் இந்திய அம்மையார் பல தேசத்துக் கிறிஸ்தவ மாதர்களோடு கிழக்காசிய நாடுகளுக்குப் பயணஞ்செய்தார். கொரியாவுக்குள் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மற்றவர்கள் போக, அவர் பிலிப்பைன் தீவுகளில் தங்க நேர்ந்தது. தேசங்களுக்கு நடுவே நிற்கும் சுவரைத் தாண்டுவது எது என்று அங்கே சிந்தித்தவர், தோழியர் திரும்பி வந்தபோது ஒரு யோசனை கூறினார். ஒவ்வொரு பெண்ணும் சமாதானத்துக்காக ஜெபிக்கும்போது தன் நாட்டின் மிகச் சிறிய நாணயம் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு நாணயமே போதும். மிகச்சிறு நாணய ஐக்கியம் என்று வழங்கும் இவ்வியக்கம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. லுத்தரன் மாதரும் இதிற் பங்கெடுக்கின்றனர். இதன் அருமை யாதெனில், செல்வச் சீமாட்டியும் கூலிக்காரியும் ஒரே அளவே இடுகின்றனர். எண்ணிக்கையில் ஒருத்தி மற்றொருத்தியை மிஞ்ச வழியில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நாம் காணும் போட்டிக்கு இது நேர் எதிர்.

சிறுவாட்டைப் புகழ்வதில் ஓர் ஆபத்து உண்டு. எளியவள் கொடுத்தது எவ்வளவு மேன்மை என்று மேடையில் பேசுகிறவர்கள், அவளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை மறந்துவிடுவது எளிது. நான் இளமையில் பார்த்த ஒரு சபையில் ஆண்டறிக்கை வாசிக்கும்போது, விளக்கெண்ணெய்ச் செலவுக்கும் பந்தல் கூலிக்கும் நடுவே, பெண்கள் கைப்பிடி அரிசி இவ்வளவு என்று ஒரு வரி வரும். வரவில் அந்த வரி இருக்கும். அது எங்கே செலவாயிற்று என்னும் வரி செலவில் இராது. பொது நிதியில் கலந்துவிட்டது என்பார்கள். ஓர் ஆண்டு மதிற்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. எந்தக் காசால் என்பது பெண்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பாட்டியார் வீட்டுக்கு வந்து, “நாம் கொடுத்தது வேதஸ்திரீக்கு, சுவருக்கல்ல” என்று மாத்திரம் சொல்லிவிட்டுக் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். அடுத்த தெருவிலும் சில கலயங்கள் அவ்வாறே கவிழ்ந்தன என்று பிற்பாடு தெரிந்தது.

அதற்கு யாரும் கூட்டம் கூட்டவில்லை, மனு எழுதவில்லை. மூன்று மாதம் அரிசிப் பானை நிரம்பாதிருந்ததைக் கண்ட போதகர் காரணம் விசாரித்தார். பெண்களில் மூத்தவர் இருவர் போய்ப் பேசினார்கள். அவ்வாண்டு முதல் கைப்பிடி அரிசிக்கென்று ஒரு தனிப் புஸ்தகம் திறக்கப்பட்டது. வாரந்தோறும் வந்த அளவும், ஏலத்தில் விற்ற விலையும், வேதஸ்திரீக்குக் கொடுத்த தொகையும் அதில் எழுதப்பட்டன. எழுதியவர் பெண் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி ஒருவர். ஆண்டறிக்கை வாசிக்கும் நாளில் அப்புஸ்தகத்தை அவரே எழுந்து நின்று வாசித்தார். பாட்டியார் கலயத்தை நிமிர்த்தி வைத்தது அதற்கு அடுத்த நாள்.